ஏழு ஊர்ச் சந்தைக்கு நாள் குறித்த கதை

நடந்தது இதுதான்:

1. வத்தலக்குண்டுக்கும் சேவுகம்பட்டிக்கும் பக்கத்தில் இருக்கிற ஏழு ஊர்களின் பிழைப்பைச் சீராக்க, தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பத்தாண்டுத் திட்டம் தொடங்கியது. அதில் நான் வரைபட உதவியாளராகச் சேர்ந்தேன்.

2. அந்த ஊர்ப் பெண்கள் கோலப்பொடியில் வரைந்த ஒரு படத்திலிருந்து, நின்றுபோன வாரச் சந்தையைத் திரும்பக் கூட்டலாம் என்ற யோசனை வந்தது.

3. திடலுக்கு மட்டம் எடுத்தோம். வடிகால் வெட்டினோம். மேடை கட்டினோம்.

4. சந்தை எந்தக் கிழமை கூட வேண்டும் என்பதை ஏழு ஊரும் ஒருமனதாக முடிவு செய்தன.

5. அந்தக் கிழமை ஏழு ஊரில் ஒருவருக்கும் ஆகவில்லை.

6. ஆகாது என்று கூட்டத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

7. டவுன் பஸ்ஸில் சொன்னார்கள்.

பக்கத்து ஒன்றியத்தில் இப்போது இதே மாதிரி ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. அதில் சேர்ந்திருக்கும் மூன்று பெண்கள் போன மாதம் என்னைத் தேடி வந்தார்கள். அவர்களுக்குக் கம்ப்யூட்டரும், வானத்திலிருந்து எடுத்த படங்களும் கொடுத்திருக்கிறார்கள். எந்த வயலில் என்ன பயிர் என்று திரையிலேயே தெரிகிறதாம். "ஆனா அக்கா, கூட்டம் போட்டா எல்லாரும் சரி சரிங்கறாங்க. ரெண்டு மாசம் கழிச்சுப் போனா எதுவும் நடக்கல. அது ஏன்னு திரையில தெரிய மாட்டேங்குது" என்றாள் ஒருத்தி. "நீங்க பாத்ததை எழுதிக் கொடுங்களேன்" என்றாள் இன்னொருத்தி. மூன்றாமவள் மற்ற இருவருக்கும் என்னை அறிமுகப்படுத்தியபோது 'ரிட்டயர்டு அக்கா' என்றாள். எனக்கு இன்னும் முப்பத்தைந்து ஆகவில்லை. ஆனால் அவள் சொன்னதும் சரிதான். பத்தாண்டுத் திட்டம், பத்தாண்டு முடிந்ததும் அலுவலகத்தைப் பூட்டினார்கள், நான் ஓய்வு பெற்றேன். பென்ஷன் மட்டும் இல்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திண்டுக்கல்லில் கட்டடப் பொறியியல் டிப்ளமோ முடித்தேன். வீடு தாடிக்கொம்பில். முதல் ஒரு வருடம் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் படம் வரைந்தேன். யாரோ ஒருவருடைய படிக்கட்டை மூன்றாவது முறையாகத் திருத்திக்கொண்டிருந்தபோது இந்த வேலைக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. இரண்டு பஸ் மாறிப் போய் நேர்காணலில் உட்கார்ந்தேன். "மேடு பள்ளம் எடுக்கத் தெரியுமா? வெயில்ல நடப்பியா? பேசாம இருப்பியா?" என்று மூன்று கேள்வி கேட்டார்கள். மூன்றுக்கும் தலையாட்டினேன். மூன்றாவதற்கு வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டியதுதான் வேலை கிடைக்கக் காரணம் என்று பிற்பாடு குளோரி மேடம் சொன்னார்.

குளோரி மேடம் எங்கள் திட்ட அலுவலர். நாற்பது வயதிருக்கும். குள்ளம், குரல் பெரிது. மொபெட்டில்தான் வருவார். பைக்குள் எப்போதும் முறுக்கு இருக்கும். அலுவலகத்தில் ஒரு நிமிடம் சும்மா உட்கார மாட்டார். ஆனால் ஊர்க் கூட்டம் என்றால் கடைசி வரிசையில் போய், முறுக்கைச் சத்தம் வராமல் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். யார் எதைக் கேட்டாலும் மறுக்க மாட்டார். ஒரே வார்த்தைதான் சொல்வார்.

அது எப்படி வேலை செய்யும் என்பதை முதல் வாரமே பார்த்தேன். கருங்குளத்துப்பட்டியில் கூட்டம். இளைஞர் மன்றத்துக்காரர் ஒருவர் எழுந்தார்.

"எங்க ஊருக்கு முகப்புல ஒரு ஆர்ச்சு வேணும் மேடம்."

"சரி, கட்டியாச்சு. அப்புறம்?"

"ஊர்ப் பேரைப் பெருசா எழுதுவோம்."

"எழுதியாச்சு. அப்புறம்?"

"பஸ்ஸுல போறவுக வாரவுக எல்லாம் பாப்பாக."

"பாத்தாச்சு. அப்புறம்?"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்புறம் என்ன, ஆர்ச்சு கட்டுனவுகளும் அதே பஸ்ஸுல ஏறித் திருப்பூருக்குப் போயிருவாக."

கூட்டம் சிரித்தது. ஆர்ச்சுக்காரரும் சிரித்துவிட்டார். பேசியது லூர்து. பக்கத்து அந்தோணியார்புரத்துக்காரி, தக்காளியும் கத்தரியும் போடுகிறவள். அவள் கணவன் அருள் அப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அவள் சொன்னதில் அவள் வீட்டுக் கதையும் இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

எங்கள் திட்டத்தின் முறை இப்படி: முதல் ஆறு மாதம் எதையும் கட்டக்கூடாது, கேட்க மட்டும்தான். ஊர் ஊராகப் போய்ப் பெண்களை உட்காரவைத்து, பள்ளிக்கூடத் திடலில் கோலப்பொடியால் ஊரை வரையச் சொல்வோம். வீடு, கிணறு, ரோடு, வயல் எல்லாம் வந்த பிறகு, ஊரிலிருந்து எது வெளியே போகிறது, எது உள்ளே வருகிறது என்று கோடு போடச் சொல்வோம். போவதற்குச் சிவப்புப் பொடி, வருவதற்கு மஞ்சள். பெண்கள் வரைந்து முடித்ததும் நான் அதை அளவெடுத்துத் தாளில் ஏற்றுவேன். நாங்கள் பொடியைத் தொடக்கூடாது. யோசனையும் சொல்லக்கூடாது.

அந்தோணியார்புரத்தில் லூர்துதான் தக்காளிக்குச் சிவப்புக் கோடு போட்டாள். வயலிலிருந்து பஸ் நிறுத்தம், அங்கிருந்து வத்தலக்குண்டு கமிஷன் கடை. அடுத்து, ஊர்ப் பெட்டிக்கடையில் விற்கிற காய்கறிக்கு ஒருத்தி மஞ்சள் கோடு போட வந்தாள். வத்தலக்குண்டு கமிஷன் கடையில் தொடங்கி, பஸ், பஸ் நிறுத்தம், பெட்டிக்கடை. மஞ்சள் கோடு சிவப்புக் கோட்டின் மேலேயே விழுந்தது.

லூர்து இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். "ஏ மதினி, இங்க பாருங்க. நம்ம தக்காளிதான் காலையில பஸ்ஸேறிப் போயி, சாயங்காலம் பஸ்ஸேறித் திரும்ப வருது. போக ஒரு டிக்கெட்டு, வர ஒரு டிக்கெட்டு. நம்மதான் கிறுக்குத்தனமா ரெண்டுக்கும் காசு கொடுக்கோம்."

"வெஞ்சனத்துக்கு வாங்குற கத்தரிக்காயும் அப்படித்தான்" என்றாள் மஞ்சள் கோடு போட்டவள்.

அன்றைக்கு அங்கே இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கருங்குளத்துப்பட்டிப் புளியந்தோப்பில் முன்பு வாரச் சந்தை கூடியது, நல்ல ரோடும் டவுன் பஸ்ஸும் வந்தபோது ஆளெல்லாம் வத்தலக்குண்டுக்குப் போகப் பழகி அது நின்றுபோனது. அதையே திரும்பக் கூட்டினால் என்ன? மேடம் கடைசி வரிசையிலிருந்து ஒன்பது தடவை 'அப்புறம்?' கேட்டார். ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. பத்தாண்டுத் திட்டத்தின் முதல் வேலை அப்படி முடிவானது.

தோப்பு இருந்த இடம் புறம்போக்கு. சம்பந்தப்பட்ட அதிகாரி நல்லவர், ஆனால் கறாரானவர். "தீபாவளி வரைக்கும் நடத்திக் காட்டுங்க. சந்தை நிலைச்சா இடம் உங்களுக்கு. நிலைக்கலேன்னா கிடங்கு கட்டக் கேட்டிருக்காங்க, அவங்களுக்குக் கொடுத்துருவேன்" என்றார்.

மட்டம் எடுக்கிற வேலை என்னுடையது. அதை நான் ரசித்துச் செய்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கருவியை முக்காலியில் நிறுத்தி, அளவுகோலைப் பிடித்துக்கொண்டு ஒருவர் திடல் முழுக்க நடக்க வேண்டும். அளவுகோல் பிடிக்க லூர்து வந்தாள். தெற்கு மூலை தாழ்வு, தண்ணீர் அங்கேதான் நிற்கும் என்று தெரிந்தது. அங்கே வடிகால். மேடைகளை முழங்கால் உயரத்துக்கு வரைந்திருந்தேன். பெண்கள் வந்து பார்த்தார்கள், கூடையோடு உட்கார்ந்து காட்டினார்கள், "இம்புட்டு ஒசரத்துல குந்துனா எடை போடக் குனிய முடியாது தங்கச்சி" என்றார்கள். ஒரு சாணுக்குக் குறைத்தேன். காற்று அங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும். ஆகவே பூக்கடை மேற்கே, கருவாட்டுக்கடை கிழக்குக் கோடியில். இதை நான் வரைந்தபோது மேடம் மிகவும் பாராட்டினார். "மல்லிகைப்பூவுல நெத்திலி வாடை வந்தா எந்தப் புருஷன் வாங்கிட்டுப் போவான்?"

இதற்கிடையே லூர்து பெரிய காரியம் ஒன்று செய்தாள். சந்தைக் குழுவுக்கு அவளைத்தான் செயலாளராகப் போட்டிருந்தார்கள். திருப்பூருக்கு ஆள் விட்டு, அருளை வேலையை விட்டு வரச் சொல்லிவிட்டாள். சந்தை வாசலில் டீயும் பஜ்ஜியும் போட அவனுக்கு ஓர் இடம். அருள் வந்து சேர்ந்தான். வந்தவன் ஒரு நிபந்தனை போட்டான்: தீபாவளிக்குள் கடை ஓடவில்லை என்றால் அவன் மட்டும் அல்ல, லூர்துவும் பிள்ளைகளும் சேர்ந்து திருப்பூர் போக வேண்டும், வயலைக் குத்தகைக்கு விட்டுவிட வேண்டும். லூர்து ஒத்துக்கொண்டாள். "நான் பனியனுக்குப் பிசிறு வெட்டுற ஆளா தங்கச்சி? சந்தை ஓடும்" என்றாள் என்னிடம். ஓடாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. அளவுகோலை அவள் அசையாமல் பிடித்திருந்தாள்.

இனி, கிழமை.

ஏழு ஊர்க் கூட்டம் ஆனி மாதத்தில் நடந்தது. எங்கள் நடைமுறை என்னவென்றால் காலையில் பேச்சு, மதியம் சாப்பாடு, சாப்பாட்டுக்குப் பிறகு தீர்மானம். தீர்மானத்தை எழுதி, எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். கூட்டம் கருங்குளத்துப்பட்டியில், ஆகவே சாப்பாடும் அந்த ஊருடையது. ஊராட்சித் தலைவர் பெருமாள்சாமி தாமே நின்று பரிமாறினார். வாழை இலை, சோறு, கத்தரிக்காய் சாம்பார், அவியல், பாயசம், அப்பளம். ஒரு குறையும் சொல்ல முடியாத சாப்பாடு.

இலை எடுத்த பிறகு பெருமாள்சாமி எழுந்தார். "வெள்ளிக்கிழமை வச்சுக்குவோம். தோப்பை ஒட்டித்தான் எங்க ஆத்தா கோயில் இருக்கு. வெள்ளிக்கிழமைன்னா அம்புட்டுக் கூட்டம். வந்த சனம் அப்படியே சந்தைக்கும் வரும்."

ஏழு ஊரும் தலையசைத்தது. "வேற யாருக்கும் வேற யோசனை இருக்கா?" என்று மேடம் கேட்டார். இல்லை. "அப்புறம்?" என்று கேட்டார். "அப்புறம் என்ன, நல்ல நாளுதான்" என்றார்கள். நான் தீர்மானத்தை உரக்கப் படித்தேன். லூர்துவும் கையெழுத்துப் போட்டாள். மேடம் என்னைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். ஆனால் தீர்மானத்தில் அலுவலர்கள் தங்கள் கருத்தைச் சொல்லக்கூடாது என்பது விதி, அந்த விதியை எழுதியவரே அவர்தான்.

முதல் வெள்ளிக்கிழமை மேளம் கொட்டித் திறந்தோம். கூட்டம் வந்தது. பூ விற்றது. தேங்காய் விற்றது. எலுமிச்சம்பழம் விற்றது. வத்தலக்குண்டிலிருந்து கருவாட்டோடு வந்த பாத்திமா அக்கா கிழக்குக் கோடியில் உட்கார்ந்து ஈ விரட்டினார். ஆடு ஓட்டி வந்தவர்கள் ஆட்டை ஓட்டிக்கொண்டு திரும்பினார்கள். கோழியும் அப்படியே. ஆடும் கோழியும் கருவாடும் விலை போகாத இடத்துக்கு ஆண்கள் எதற்கு வருவார்கள்? ஆண்கள் வராததால் டீ போகவில்லை. கோயிலுக்கு வந்த பெண்கள் விரதம் என்பதால் பஜ்ஜியும் போகவில்லை. கோயிலுக்கு வருகிறவர்கள் அர்ச்சனைத் தட்டோடு வருவார்கள், காய்கறி வாங்கப் பையோடு வர மாட்டார்கள். லூர்துவின் தக்காளியே பாதி மிஞ்சியது.

இரண்டாவது வெள்ளி முதல் வெள்ளியை விட மோசம். ஆடி பிறந்தது. ஆடி வெள்ளியில் கோயிலில் நிற்க இடமில்லை, சந்தையில் நிற்க ஆளில்லை. பாத்திமா அக்கா வருவதை நிறுத்திவிட்டார். பெருமாள்சாமியிடம் கேட்டால், "போகப் போகச் சரியாயிரும்" என்றார். மற்ற ஊர்க்காரர்களிடம் கேட்டால், "தலைவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்கள்.

ஓர் ஆடி வெள்ளி சாயங்காலம் வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறினேன். கடைசி இருக்கையில் இடம் கிடைத்தது. முன்னால் ஏழு ஊர்ச் சனமும் இருந்தது. நான் இருப்பதை யாரும் கவனிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை எந்த வீட்டுலப்பா கவிச்சி சமைக்கான்? கருவாட்டை வாங்கி மோந்து பாக்கவா?"

"எங்க வீட்டுலயும் வெள்ளிக்கிழமை சைவந்தான். சாமியாரு கேட்டாருன்னா என்ன சொல்றது?" இது அந்தோணியார்புரத்துக்காரர்.

"பாத்திமா வீட்டுக்காரரு ஜும்மாவுக்குப் போகணும். சரக்கை யாரு இறக்குறது?"

"இதெல்லாம் அன்னைக்கே சொல்லியிருக்கலாமுல்ல?"

"எப்படிப்பா சொல்றது? அந்த மனுசன் பாயசத்தை ரெண்டு தடவை ஊத்துனாரு. கையை நனைச்சுட்டு அவரு ஊர்லயே நின்னு அவரு பேச்சை மறுக்கவா?"

"நானும் அதான் பேசாம இருந்தேன்."

"நானும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று மதத்துக்கும் ஆகாத ஒரு கிழமையை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். ஒவ்வொருவருக்கும் அது தெரியும். மேடத்துக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மற்றவர்களுக்குச் சம்மதம்தான் போலிருக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறோம். எல்லாம் அந்தச் சாப்பாட்டு இலையில் அடங்கிப்போனது.

மறுநாள் காலை மேடத்திடம் சொன்னேன். வழக்கம்போலப் பட்டியல் போட்டேன்: ஒன்று, ஒருவர் ஊரில் கூட்டம் போட்டால் அந்த ஊரை மற்றவர்கள் மறுக்க மாட்டார்கள். இரண்டு, சாப்பிட்ட பிறகு நிச்சயம் மறுக்க மாட்டார்கள். மூன்று, ஆகவே யாருடைய ஊரும் அல்லாத இடத்தில், சாப்பாடு இல்லாமல், மறுபடி கூட வேண்டும். நான்கு, அப்படி ஓர் இடம் ஏழு ஊர் எல்லைக்குள் இல்லை.

மேடம் முறுக்கைக் கீழே வைத்தார். "அடியே, நீ எங்க உக்காந்து கேட்ட?"

"பஸ்ல."

"அப்ப பஸ்லயே வச்சிருவோம்."

அந்த டவுன் பஸ் ஏழு ஊர் வழியாகவும் போகிற வண்டி. அடுத்த திங்கட்கிழமை காலை, ஊருக்கு இரண்டு பேர் அவரவர் நிறுத்தத்தில் ஏறுவது என்று ஏற்பாடு. முதல் ஊரில் நானும் மேடமும் ஏறினோம். அவரவர் டிக்கெட்டை அவரவர் எடுக்க வேண்டும், யாரும் யாருக்கும் எடுக்கக்கூடாது என்று மேடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். பெருமாள்சாமி கருங்குளத்துப்பட்டியில் ஏறினார். பழக்கத்தில் எல்லோருக்கும் டிக்கெட் எடுக்கப் பையில் கை விட்டார். "அதெல்லாம் வேணாம் தலைவரே. இன்னைக்கு நீங்களும் பாசெஞ்சரு" என்றார் மேடம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

மேடம் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, "சந்தை ஏன் கூடலை?" என்று மட்டும் கேட்டார். கண்டக்டர் செல்வம் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "வெள்ளிக்கிழமை எவன் கருவாடு வாங்குவான்? இதைக் கேக்கவா வண்டியேறுனீங்க?"

அவ்வளவுதான். கூட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத பயணிகள் உட்பட வண்டி முழுக்கப் பேசியது. ஞாயிறு என்றார் ஒருவர். "பூசைக்குப் போறதா, சந்தைக்குப் போறதா?" என்று அந்தோணியார்புரம் சண்டைக்கு வந்தது. சனி என்றார் இன்னொருவர். "எங்க ஊர்ல பாதிப்பேரு பெருமாளுக்கு விரதம்" என்றது மற்றோர் ஊர். திங்கள் என்றார் வேறொருவர். "திங்கக்கிழமை நீ வாயேன், நான் வரலை" என்று பதில் வந்தது. ஆனி மாதத்தில் தலையசைத்த அதே ஏழு ஊர்தான். லூர்து இரண்டு இருக்கைக்கு நடுவில் நின்று எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தாள். "பாயசத்துக்கு வாயடைச்சுப் போன சனமா இது? இந்த வாயை அன்னைக்கு எங்க அடமானம் வச்சீக?"

"நீயும்தானம்மா கையெழுத்துப் போட்ட" என்றார் ஒருவர்.

"நானும்தான் பாயசம் குடிச்சேன்" என்றாள் அவள். வண்டி குலுங்கச் சிரித்தார்கள். பெருமாள்சாமி மட்டும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வத்தலக்குண்டு வந்துவிட்டது. முடிவு வரவில்லை. "இறங்குங்கய்யா, வண்டி திரும்பணும்" என்றார் செல்வம்.

"திரும்பட்டும். டிக்கெட்டு எடுக்கோம்" என்றார்கள். எல்லோரும் மறுபடி டிக்கெட் எடுத்தார்கள்.

அந்த நேரத்தில், வேறொரு சந்தைக்குப் போவதற்காகக் கருவாட்டுக் கூடையோடு பாத்திமா அக்கா ஏறினார். ஏறியதும் ஏழு ஊர் மனிதர்களையும் பார்த்துப் பயந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னோம். "இதை என்கிட்ட முன்னாடியே கேக்க வேண்டியதுதான?" என்றார். விரல் விட்டு எண்ணினார். தன்னைப் போன்ற வியாபாரிகள் எல்லோருக்கும் ஒரே சுற்றுதான், இந்தக் கிழமை இந்தச் சந்தை, அந்தக் கிழமை அந்தச் சந்தை, ஆட்டு வியாபாரியும் பாத்திர வியாபாரியும் ஒன்றாகத்தான் போகிறார்கள், கையில் மிஞ்சுவது செவ்வாயும் புதனும்தான் என்றார்.

செவ்வாய் என்றதும் ஏழு ஊரும் வேண்டாம் என்றது. புதனை யாரும் மறுக்கவில்லை. எல்லோரும் ஜன்னலோரம் பார்த்தார்கள். தலைவர் சொல்லாமல் சந்தையை மாற்ற முடியாது. இடம் அவர் ஊரில் இருக்கிறது.

பெருமாள்சாமி திரும்பவில்லை. "ஆத்தா முன்னாடி சூடம் கொளுத்தி, வெள்ளிக்கிழமைன்னு சொல்லிட்டேன். இப்ப மாத்துனா அவகிட்ட என்ன சொல்லுவேன்?" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. அவருக்கு வீம்பு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவர் பயந்துபோயிருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. லூர்து அவருக்குப் பின்னிருக்கையில் போய் உட்கார்ந்தாள். "ஏண்ணே, வெள்ளிக்கிழமை பூவும் தேங்காயும் நல்லாத்தான வித்துச்சு? ஆத்தா கேட்டதை ஆத்தாளுக்குக் கொடுத்துட்டோம். ஆத்தா கருவாடு கேட்டாளா?"

அவர் யோசித்தார். கருங்குளத்துப்பட்டி நிறுத்தம் வருகிற வரைக்கும் யோசித்தார். செல்வம் விசில் அடித்தார், வண்டி நின்றது. பெருமாள்சாமி எழுந்தார், இறங்கவில்லை. "பூக்கடையும் தேங்காக்கடையும் வெள்ளிக்கிழமை கோயிலடியில இருக்கட்டும். அது ஆத்தாளுக்கு. சந்தையைப் புதனுக்கு மாத்திக்கங்க. நானே போய்ச் சூடம் கொளுத்திச் சொல்லிர்றேன்."

"தலைவரே, அப்ப இனிமே ஆட்டுக்கறி வாங்க ஞாயித்துக்கிழமை என் வண்டியில வத்தலக்குண்டு வர மாட்டீங்களா?" என்றார் செல்வம்.

"ஏலே, விசிலை அடிலே" என்றார் பெருமாள்சாமி. அவரும் சிரித்துவிட்டார்.

தீர்மானத்தை ஓடுகிற வண்டியில் எழுதினேன். கையெழுத்து மேலும் கீழும் போயிருக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு உரக்கப் படித்தேன். கையெழுத்துப் போடும்போது ஒவ்வொருவருக்கும் சற்று நேரம் வண்டியை மெதுவாக ஓட்டினார் டிரைவர்.

ஆவணி முதல் புதன்கிழமை, முந்தின இரவு பெய்த மழையின் ஈரத்தோடு விடிந்தது. எனக்கு வேறு கவலை. தெற்கு மூலையில் போய் நின்றேன். வடிகாலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, திடல் காய்ந்துகொண்டிருந்தது. முதலில் பாத்திமா அக்கா வந்தார். பின்னால் ஆட்டு வியாபாரி, பாத்திரக்காரர், வளையல்காரர், அக்காவின் சுற்றில் இருக்கிற எல்லோரும் வந்தார்கள். ஆடு வந்தால் ஆண்கள் வருவார்கள் என்பது ஒரு மணி நேரத்தில் நிரூபணமாயிற்று. அருளுக்கு மத்தியானத்துக்குள்ளேயே கடலை மாவு தீர்ந்தது, இரண்டாவது முறை வாங்க ஆள் அனுப்பினான். லூர்து தக்காளிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள். விற்க எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. "தங்கச்சி, அடுத்த வாரம் எனக்கு ரெண்டு மேடை வேணும்" என்றாள்.

தீபாவளிக்கு முந்தைய புதன்கிழமை அதிகாரி வந்தார். ஒரு சுற்று நடந்தார். நெத்திலி விலை கேட்டார், பேரம் பேசினார், பாத்திமா அக்காவிடம் தோற்றார், வாங்கிக்கொண்டு போனார். இடம் எங்களுடையது ஆனது.

அந்தப் பஸ் கூட்டத்துக்குப் பிறகு மேடம் எங்கள் நடைமுறையில் இரண்டே மாற்றம் செய்தார். தீர்மானம் முதலில், சாப்பாடு பிறகு. இன்னொன்று, பல ஊர்க் கூட்டம் என்றால் எந்த ஊரிலும் இல்லை. பஞ்சாயத்து ரோட்டோரப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து ஒரு கூட்டம் நடத்தியிருக்கிறோம். ஓடாமல் நின்ற ஒரு டிராக்டர் டிரெய்லரிலும் நடத்தியிருக்கிறோம். இரண்டிலும் நல்ல சண்டை நடந்தது, இரண்டு தீர்மானமும் நிலைத்தன. கேட்ட மூன்று பெண்களுக்கும் நான் சொல்ல இருப்பது இதுதான்: எல்லோரும் சரி என்றால், எங்கே உட்கார்ந்து, யார் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுச் சரி என்றார்கள் என்று பாருங்கள்.

இப்போதைய நிலை: சந்தை புதன்கிழமைதோறும் கூடுகிறது. வெள்ளிக்கிழமை பூக்கடையும் தேங்காய்க் கடையும் கோயிலடியில் இருக்கின்றன. பத்தாண்டுத் திட்டத்தில் எழுதிய வேலைகளில் பாதிக்கு மேல் முடிந்தன. பால் குளிரூட்டும் நிலையம் வரவில்லை, காய்கறிக் குளிர்பதனக் கிடங்கும் வரவில்லை. திருப்பூருக்குப் போகிறவர்கள் இன்னும் போகிறார்கள், ஆனால் திரும்பி வந்து சந்தையில் கடை போட்டவர்களும் இருக்கிறார்கள். குளோரி மேடம் வேறு மாவட்டத்தில் வேறு திட்டத்தில் இருக்கிறார். லூர்து சந்தைக் குழுத் தலைவி, வயல் அவள் கையிலேயே இருக்கிறது. அருளின் கடைக்கு இப்போது கூரைக்குப் பதில் தளம், படம் நான் போட்டுக் கொடுத்தது. நான் வத்தலக்குண்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டட வரைபட அலுவலகம் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். வார விடுமுறை புதன்.